அமலோற்பவம் டீச்சர் எந்தக் கல்லூரியின் பெயரையும் சொல்லவில்லை

வேண்டிய அளவு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிடவில்லை, பேசாமல் இருந்தேன். வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் டீச்சரின் படத்தைவிடத் தாளாளரின் படம் பெரிதாக இருந்தது; அதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனேன். ஆனால் இந்த வாரம் வேடசந்தூரில் ஒரு தகப்பனார் என்னிடம் சொன்ன வார்த்தைக்குப் பிறகு, இனி நான் பேசாமல் இருப்பது டீச்சருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

செய்தி வந்தது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். நாகல் நகரில் மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் கிளார்க் போட்டிருந்தார்: தாவரவியல் ஆசிரியை அமலோற்பவம் அவர்கள் மாரடைப்பால் காலமானார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. கைகூப்பியவர்களில் பாதிப்பேர் ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றி என்னென்ன பேசியவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்று காலை அவர் பள்ளியில்தான் இருந்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் விண்ணப்பம் பதிந்து கொடுப்பதற்காக, விடுமுறையிலும் தாவரவியல் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தவரைப் பிள்ளைகளே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கைப்பை அவரோடு போயிருக்கிறது. செல்போன் ஆய்வக மேசையிலேயே கிடந்திருக்கிறது. வாசிப்பவர்கள் அந்தப் போனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளி ஒரு குடும்ப டிரஸ்ட் நடத்துவது. நான் இயற்பியல். நான் சேர்ந்த மறு வருடம் அவர் சேர்ந்தார். அப்போதே பள்ளியில் ஒரு பழக்கம் இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தை அரைகுறையாக மூடிவிட்டு, தீபாவளி முடிந்ததும் பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். ரிசல்ட் பேனரில் நல்ல எண் வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. டீச்சர் மட்டும் பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை நடத்துவார். முதல் வருடமே தாளாளர் கூப்பிட்டு விசாரித்தார். "செடிக்கு வேர் எதுக்குன்னு கேக்குறீங்களா சார்?" என்று டீச்சர் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு எதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை, காரணம் வேறு. தலைமையாசிரியர் பொறுப்பு எனக்கு வர வேண்டியது. எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால், பிறகு அதையே எடுத்து என் வாயை அடைப்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு பீரியடும் பிளஸ் ஒன் பிள்ளைகளை ஆய்வகத்தில் உட்காரவைப்பார். மற்றவர்கள் பிளஸ் டூ முடிந்து ரிசல்ட் வந்த பிறகு செய்கிற வேலையை அவர் ஒன்றரை வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுவார். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதை அப்போதே பிடித்து, தாலுகா ஆபீஸுக்கு அனுப்புவார். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒன்று கேட்பார்.

வேறு வேலையாக அங்கே போன ஒரு நாள் நானே பார்த்தேன். ஒரு பையன் எழுந்து, கலெக்டர் ஆகப் போவதாகச் சொன்னான்.

"ஆகு அப்பு, யாரு வேணாங்கிறா. உங்க ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

பையன் விழித்தான்.

"கலெக்டருக்குப் பஸ் டைம் தெரியலையே. போய்க் கேட்டுட்டு வா. கனவைப் பிறகு பேசுவோம், பஸ்ஸை முதல்ல பேசுவோம்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் விளையாட்டாகக் கேட்டதில்லை. எந்தப் பஸ்ஸில் போவாய், இருட்டிய பிறகு திரும்பினால் ஸ்டாப்பில் யார் நிற்பார்கள், ஹாஸ்டல் என்றால் வீட்டில் அழப்போவது அப்பாவா அம்மாவா, உனக்குக் கணக்கு பிடிக்குமா அல்லது கணக்கு வாத்தியாரைப் பிடிக்குமா? இப்படிக் கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளை தன் வாயால் ஒரு படிப்பையும் ஒரு ஊரையும் சொல்லும் வரை விடமாட்டார். ஒரு பிள்ளைக்குச் சில நேரம் மூன்று நான்கு வெள்ளிக்கிழமைகள்கூட ஆகும்.

ஒன்று மட்டும் அவர் செய்ததே இல்லை. இங்கே சேர் என்று ஒரு கல்லூரியின் பெயரை அவராகச் சொல்லி நான் கேட்டதில்லை. கீரனூரிலிருந்து ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு வந்து, "ஏனுங்க டீச்சர், நாலும் தெரிஞ்சவங்க, நீங்களே ஒரு நல்ல காலேஜாச் சொல்லிப்போடுங்க" என்று கும்பிட்டார். டீச்சர் அந்த அம்மாவின் கையை இறக்கிவிட்டு, "நான் பேரு சொன்னா அது என் காலேஜ் ஆயிரும்மா. நாளைக்கு அங்க சோறு நல்லாயில்லைன்னாலும் உங்க பொண்ணு என்னையத்தான் வையும். அவ வாயால சொல்லட்டும், சரியா தப்பான்னு நான் சொல்றேன்" என்றார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இது தாளாளருக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மைத்துனர் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி நடத்துகிறார். வருடாவருடம் எங்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், கல்லூரியைச் சுற்றிக் காட்டி, பிரியாணி போட்டு அனுப்புவார்கள். திரும்பி வந்த பிள்ளைகளிடம் டீச்சர் பிரியாணி எப்படி இருந்தது என்று விசாரிப்பார். நன்றாக இருந்தது என்பார்கள். "பிரியாணி ஒரு வேளை. காலேஜு நாலு வருசம். ஞாபகம் வச்சுக்கங்க" என்பார். இது சேர வேண்டியவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்றும் எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்த ஒன்றுதான் இப்போதைய தொல்லைக்கெல்லாம் மூலம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவரின் மகன் அன்சாரி. நல்ல கட் ஆஃப். அரசுக் கல்லூரியில் அவன் கேட்ட பிரிவே ஒதுக்கீடு ஆகியிருந்தது. குறித்த நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. செய்தி போன எண் அவர்களிடம் இல்லை. அவன் அத்தா பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தார். "நெட்டு ஓசியா தாரேன்னான் டீச்சர், அதான் வேற சிம்மு வாங்குனேன்" என்று ஆய்வக வாசலில் நின்று அவர் சொன்னபோது, என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீட் வேறு யாருக்கோ போய்விட்டது. அன்சாரி இப்போது ஒரு கடையில் இருக்கிறான். எதிரில் பார்த்தால் சலாம் சொல்கிறான்.

அடுத்த வருடத்திலிருந்து டீச்சர் தன் எண்ணைக் கொடுக்கத் தொடங்கினார். பிளஸ் ஒன்னில் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் திறந்தாலும் சரி, பிளஸ் டூ முடிந்து கவுன்சலிங்குக்குப் பதிந்தாலும் சரி, மொபைல் எண் என்ற இடத்தில் அவர் எண். ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். ஒதுக்கீட்டுச் செய்தி அவர் போனுக்கு வரும். அவர் பிள்ளையின் வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்வார். போனைத் திறக்கும் பின் நம்பர் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இது வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்புட்டுப் பேர் தலையெழுத்தையும் ஒரு போனில் வைக்காதீர்கள் என்றேன்.

"வேற யார் நம்பரைக் குடுக்கச் சொல்றீங்க சார்? ஆபீஸ் நம்பரையா?"

ஆபீஸ் நம்பர் என்றால் அது யார் கைக்குப் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"எல்லார் வீட்டு நம்பரும் மாறும். என் நம்பர் மாறாது" என்று சொல்லி முடித்துவிட்டார்.

மாறவில்லை. அவர் பதிந்த ஒரு பிள்ளைக்கும் செய்தி தவறவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த வருடம் ரிசல்ட்டுக்கு முன்பிருந்தே அந்தப் போன் ஓயாமல் அடித்தது. எந்தெந்தக் கல்லூரிகளில் இருந்தோ, வகுப்பில் இருக்கும்போது, கோயிலில் இருக்கும்போது, சாப்பிடும்போது. பிள்ளைகளின் எண்கள் எங்கிருந்து வெளியே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை, போகின்றன, அவ்வளவுதான். ஒரு நாள் மைத்துனர் கல்லூரியின் அட்மிஷன் ஆள் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "என்ன டீச்சர் இது, உங்க ஸ்கூல் பிள்ளைங்க யாருக்குப் போன் போட்டாலும் நீங்களே எடுக்கிறீங்க."

போகும்போது மேசையில் இருந்த போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாராம்.

டீச்சர் இதை என்னிடம் சொன்னது அந்த வெள்ளிக்கிழமை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும். கொண்டுவந்த சோற்றை மூடி வைத்துவிட்டார். காய் வெஞ்சனத்தைக்கூடத் தொடவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரி சார். திங்கக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் அப்பா அம்மாவோட வரச் சொல்லப் போறேன். கவுன்சலிங் உதவி மையத்துக்குக் கூட்டிட்டுப் போயி அவங்கவங்க நம்பருக்கு மாத்திரணும்."

பிறகு மூடிய டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"நம்பர் மாறாது, சரி. ஆளு இருக்கணும்ல?"

நான் அவரைச் சமாதானப்படுத்துவது போல ஏதோ சொன்னேன். மறுநாள் அவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பழைய மாணவர்கள் திரண்டு வந்திருந்தார்கள்; அன்சாரி கடையைப் பூட்டிவிட்டு வந்து ஓரமாக நின்றான். மண் போட்டு முடிந்ததும் டீச்சரின் தங்கை கிளார்க்கிடம் போனைக் கேட்டார். பள்ளி வேலைக்குப் பயன்பட்ட போன் என்பதால் தாளாளர் அறையில் பத்திரமாக இருக்கிறது, பிள்ளைகள் விவரத்தை எடுத்துக்கொண்டு தருவோம் என்று கிளார்க் சொன்னார். தங்கைக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. அக்காவை இழந்த அன்று யாருக்கு வரும்?

போன் இன்னும் திரும்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தாளாளர் பேசினார். நம் பிள்ளைகள் நம்முடைய கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்பதுதான் டீச்சரின் கடைசி ஆசையாக இருந்தது என்றார். நான் பின் வரிசையில் இருந்தேன். என் முன்னால் இருந்த தலைகள் எல்லாம் ஆமாம் என்று அசைந்தன. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஜெயப்பிரியா எனக்குப் போன் செய்தாள். வேடசந்தூரில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் முருகேசனின் மகள். பிளஸ் ஒன்னில் ஐந்து வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றைத் தானே சொன்னவள். இந்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கும், அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. "அப்பா வேற காலேஜ்ல சேரச் சொல்றாரு சார். டீச்சர் சொன்னாங்கன்னு சொல்றாரு" என்றாள்.

மறுநாள் போனேன். முருகேசன் மில் பஸ்ஸில் வந்து இறங்கினார்; தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. வீட்டு வாசலிலேயே நின்று பேசினோம். டீச்சர் இறந்த சில நாளில் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ஆண் குரல், மரியாதையான பேச்சு. டீச்சர் சாவதற்கு முன்னால் உங்கள் மகளுக்கு இந்தக் கல்லூரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார், காலேஜ் பஸ் உங்கள் தெருமுனைக்கே வரும், கவலைப்படாதீர்கள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அது பொய் என்றேன். டீச்சர் யாருக்கும் அப்படிச் சொல்பவரல்ல என்றேன். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அங்கிருந்து திரும்ப வாங்க முடியாமல் அலைவீர்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"செத்தவங்க வாக்கை மீறச் சொல்றீங்களா சார்?"

"அது அவங்க வாக்கே இல்லைங்க."

"நீங்க சொல்றீங்க. ஆனா போன் டீச்சர் நம்பர்ல இருந்துல்ல வந்துச்சு. அவங்க போட்டோதான் வந்துச்சு சார். செபமாலை போட்டிருப்பாங்கள்ல, அந்தப் போட்டோ."

கதவுக்குப் பின்னால் ஜெயப்பிரியா நின்றிருந்தாள். "டீச்சர் என்கிட்ட பேரே சொல்லலப்பா. பஸ்ஸுதான் கேட்டாங்க" என்றாள். "அந்தப் பஸ்ஸைத்தான் தெருவுக்கே விடுறாங்களாம்ல" என்றார் முருகேசன். கெட்ட மனிதர் இல்லை. மகளுக்கு நல்லது செய்வதாக நம்புகிறார். அதைவிட முக்கியமாக, டீச்சருக்கு நன்றியாக நடந்துகொள்வதாக நம்புகிறார். அந்த நன்றியைத்தான் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

திரும்பி வரும் வழியில் டீச்சரின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடித்தது. எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. பின்னால் மின்விசிறி சத்தமும், தூரத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பெயரை இனிஷியலோடு வாசிப்பதும் கேட்டன. பிறகு வைத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. விண்ணப்பங்களுக்குள் யாராவது நுழைந்தார்களா என்று எனக்குத் தெரியாது. நுழைய வேண்டுமானால் அதிகம் சிரமம் இல்லை என்பது தெரியும்: கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒரு முறை அழுத்தினால், புதியது அந்தப் போனுக்கே வரும். பிளஸ் டூ முடித்தவர்கள் மட்டுமல்ல, இப்போது பிளஸ் ஒன் முடித்துவிட்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளின் மின்னஞ்சலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அடுத்த வருடமும் அது அடிக்கும்.

எனவே டீச்சர் அந்தத் திங்கட்கிழமை செய்ய நினைத்ததை நீங்களே செய்யுங்கள். அப்பா அம்மாவோடு, அடையாளச் சான்றுகளோடு உதவி மையத்துக்குப் போய், எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒதுக்கீடு வரும்வரை ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். டீச்சரின் எண்ணிலிருந்து, அவர் படத்தோடு, எவ்வளவு மரியாதையாக யார் பேசினாலும், ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்ன அந்த நிமிடமே தெரிந்துகொள்ளுங்கள், அது டீச்சரின் வாக்கு அல்ல. அவர் உயிரோடு இருந்தபோது சொல்லாததை இறந்த பிறகு சொல்ல மாட்டார்.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் இறந்தவரின் பொன்மொழியைக் கடைசியில் வைப்பார்கள். டீச்சர் அப்படி எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கேள்விகள்தான் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமைகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்கள் இந்த ஊரிலும் வெளியிலும் நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் அவர் என்ன கேட்டார் என்பதை இதன் கீழே, உங்கள் பெயரோடு எழுதுங்கள். நான் ஒருவன் சொன்னதை முருகேசன் நம்பவில்லை. அத்தனை பேர் சொன்னால் நம்பலாம். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

டீச்சர், சமாதானமாக உறங்குங்கள் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் எண்ணைத் திறந்து பார்த்தேன். செபமாலையோடு நீங்கள் சிரிக்கும் அந்தப் படம். அதன் பக்கத்தில் உங்கள் பெயர். பெயருக்குக் கீழே, ஆன்லைன்.

போய் வாருங்கள் டீச்சர். அந்தப் போனில் இருப்பது நீங்கள் இல்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் பழைய மாணவர்களின் இணையக் குழுவில் போடப் போகிறேன், அங்கே பெயர் காட்டாமலும் பதியலாம். என் குறையை மேலேயே சொல்லிவிட்டேன்; ஆனாலும் பெயரைப் போட்டால், தலைமையாசிரியர் பதவி கிடைக்காதவன் எழுதியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், போனை யாரும் பார்க்க மாட்டார்கள். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நாளுக்கு மேல் ஆகாது என்பதும் தெரியும். பிடிக்கட்டும். அந்த அரை நாள் பிள்ளைகளுக்குப் போதும். இன்னொருவர் எண்ணை நம்பி அவர்கள் நின்றது போதும் என்று கடைசியில் டீச்சரே நினைத்தார்; இன்னொருவர் பெயரை நம்பியும் அவர்கள் நிற்க வேண்டாம். ஆகவே என் பெயர் இல்லாமலே பதிவிடுகிறேன்.